கேட்டதற்குப் பதில் சொல்லும் கருவி

கேள்வி: கட்டளை வரியில் இயங்கும் கருவி ஒன்றை எழுதுகிறேன். பொருந்தாத இடத்தில் யாராவது ஓர் ஆப்ஷனைத் தட்டினால், கண்டும் காணாமல் விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சர்க்கரை இல்லாத காபி கேட்டவரிடம் தலையை ஆட்டிவிட்டு, சர்க்கரை போட்டதைக் கொண்டுவந்து வைக்கிற வேலை அது. ஏதோ நடக்கும் என்று நம்பித்தான் அவர் அந்த ஆப்ஷனைத் தட்டினார். நடக்காது என்றால் வாய்திறந்து சொல்ல வேண்டும்.

கேள்வி: சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வதா, நின்றுவிடுவதா?

பதில்: அந்த ஆப்ஷனை விட்டுவிட்டால் விடை மாறுமா என்று பாருங்கள். லினக்ஸின் 'கட்', 'டெய்ல்' இரண்டும் குனூ கோர்யூட்டில்ஸ் வீட்டுப் பிள்ளைகள்தான், குணம் வேறு. எழுத்துகளை எண்ணி வெட்டச் சொல்லிவிட்டு, ஃபீல்டுகளைப் பிரிக்கும் குறியையும் கொடுத்தால் 'கட்' ஒரு வரிகூட வெட்டாது; பிழை சொல்லி நின்றுவிடும். கோப்பைத் தொடர்ந்து கவனிக்கச் சொல்லாமல், இன்ன புராசஸ் முடிந்ததும் நிறுத்து என்று மட்டும் சொன்னால் 'டெய்ல்' எச்சரித்துவிட்டு, வழக்கம்போல் கடைசி 10 வரிகளைக் காட்டும். இரண்டுமே சரி. டெய்லில் காட்டும் வரிகள் மாறப்போவதில்லை. 'கட்' விஷயத்திலோ, அவர் எதை வெட்ட நினைத்தார் என்பதே சந்தேகம். ஊகித்து வெட்டினால் தப்பான தரவு பைப் வழியே அடுத்த கருவிக்குப் போய்விடும்.

அழிக்கிற வேலை என்றால் பேச்சே இல்லை, நின்றுவிட வேண்டும். ஃபோல்டர்களுக்குள் இறங்கச் சொல்லாமல் டெலிட் ஆப்ஷனை மட்டும் கொடுத்தால், கோப்புகளை ஒத்திசைக்கும் ஆர்சிங்க் மறுத்துவிடுகிறது. நூற்றுக்கு நூறு கொடுக்கலாம்.

கேள்வி: சி கோப்புக்கு சி++11 தரத்தைக் கேட்டால் ஜிசிசி கம்பைலர் எச்சரிக்கிறது, கிளாங் கம்பைலர் பிழை என்று நிறுத்துகிறது. நீங்கள் யார் கட்சி?

பதில்: இதில் ஜிசிசி கட்சி. மேக்ஃபைல்கள் ஒரே ஆப்ஷன் பட்டியலை சி, சி++ இரண்டுக்கும் அனுப்பிவிடுவது உண்டு; அந்தக் கோப்புக்கென்று யாரும் யோசித்துக் கேட்டதல்ல.

கேள்வி: எச்சரிக்கையை எங்கே அச்சிடுவது?

பதில்: ஸ்டாண்டர்ட் எரரில். விடையோடு கலக்கவே கூடாது. நிறுத்தினால், வெளியேறும் எண் பூஜ்யமாக இருக்கக் கூடாது. எந்த ஆப்ஷன் செல்லாது என்பதோடு, எதைச் சேர்த்தால் செல்லும் என்பதையும் ஆர்சிங்க் போலப் பெயர் சொல்லி எழுதுங்கள். முதல் பதிப்பிலேயே செய்துவிடுங்கள். பிறகு கண்டிப்பு காட்டினால், உங்கள் மௌனத்தை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் நின்றுபோகும்.