கந்தலுக்குக் கட்டணம்

தையல்கடை மேசைக்கடியில் கிடக்கும் வெட்டுத்துணியை அள்ளிக்கொள்ள யாரும் காசு கேட்பதில்லை. அதையே பழுப்புக் காகிதப் பையில் போட்டு, சணல் கயிறு கட்டி, ‘மெட்டீரியல் கிட்’ என்றால் கட்டணத்தில் சேர்ந்துவிடுகிறது. துணிக் கொலாஜ் பயிற்சி வகுப்பின் பொருளாதாரம் இவ்வளவுதான்.

முதலில் கற்றுத் தருவது, ஓரத்தை மடித்துத் தைக்காமல் இருப்பது. பிசிறு தெரிய வேண்டுமாம். அதில்தான் ‘டெக்ஸ்சர்’ இருக்கிறதாம். ஓரம் அடிக்காமல் கொடுத்ததற்காக நாம் சண்டை போட்ட டெய்லர்கள் எல்லாம் காலத்தை முந்தியவர்கள் போலிருக்கிறது. அடுத்து, புத்தம்புதுத் துணியை டீத்தண்ணியில் முக்கிப் பழசாக்குவது. பிறகு பசை, அக்ரிலிக் வண்ணம், பழைய பஸ் டிக்கெட், பொத்தான். பக்கத்து இருக்கை அம்மா ஒட்டிய ஜரிகைத் துண்டைப் பார்த்துப் பயிற்சியாளர், “இதுல ஒரு இழப்பு தெரியுது மேடம்” என்று உருகினார். “ஆமாங்க, கல்யாணப் பட்டு” என்றார் அவர்.

பிக்காசோ 1912-இல் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த்துணியை ஓவியத்தில் ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டியதிலிருந்து இந்த வேலைக்கு அந்தஸ்து வந்துவிட்டது. அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊர்க் கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலை உடுப்புகளைக் குளிருக்காக இணைத்துத் தைத்த போர்வைகள், 2002-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகச் சுவரிலேயே ஏறின. அவர்கள் எந்த வகுப்புக்கும் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கியவர்கள் இல்லை. நமக்குக் கிடைத்தது, லேமினேட் செய்து. அதன்மேல் பசை நிற்காது என்பதால் அதை மட்டும் கொலாஜில் சேர்க்க வழியில்லை.