உண்டியலை எங்கே நீட்டுவது?

கேள்வி: காசநோயை ஒழிக்கக் கடிதத்தில் ஒட்டும் கிறிஸ்துமஸ் முத்திரை விற்றார்களாமே! இலங்கை மலையகத்தின் பதுளைத் தேயிலைத் தோட்டங்களிலும் அப்படி உண்டியல் நீட்டினால் என்ன?

பதில்: நீட்டலாம், முதலில் தோட்டத்து மேலாளரான துரையின் பங்களாவில் நீட்டுங்கள்! 1904இல் டென்மார்க்கில் அஞ்சல் ஊழியர் ஐனார் ஹோல்போல் தொடங்கிய முத்திரையின் விலை வெறும் 2 ஓரே, அந்நாட்டுச் சில்லறைக் காசு. அதனால்தான் முதல் ஆண்டிலேயே 40 இலட்சத்துக்கு மேல் விற்றது. ஏழையும் கொடையாளி ஆனார். மலையக மக்களுக்கும் கொடுக்கத் தெரியும். மாரியம்மன் திருவிழாவுக்குக் காசு கொடுக்காத லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடு, உண்டா? ஆனால் காசநோய் காற்றில் பரவுகிறது. காற்றோட்டமில்லாத லயத்து அறையில் குடும்பமே நெருங்கிப் படுக்கும்போது, அங்கே வாழ்பவரிடமே தகர உண்டியலைக் குலுக்குவது அநியாயம். லயத்தை மாற்றி வீடு கட்டுவது தோட்டக் கம்பெனியின், அரசின் கடன். “அதுவரை சும்மா இருப்பதா?” என்பீர்கள். வேண்டாம். அரசாங்க மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் குறைந்தது ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டும். மலையிறங்கும் பஸ் காசும், இழந்த நாட்சம்பளமும் யார் தருவார்? பதுளை நகரத்துக் கடைகளில் அதற்கு உண்டியல் வையுங்கள்.