நூத்துக்கு முப்பது

வாரும் மாப்ள, உக்காரும். ரத்தம் குடுக்கப் போன எடத்துல ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்களாமே? “மருந்து எதுக்கு, தானாப் போயிரும்”னு நீரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதீராம். நீரு சொல்லுததுல கொஞ்சம் நெசம் இருக்கு. அதான் வில்லங்கமே.

இந்தக் கிருமி தொத்துன நூறு பேருல சுமார் 30 பேருக்கு உடம்பே அதை வெரட்டிப்புடும். அயர்லாந்துல 1977 வாக்குல பிள்ளை பெத்த தாய்மாருக்குப் போட்ட ஆன்டி-டி ஊசி மருந்துல இந்தக் கிருமி கலந்துபோச்சு. பின்னால சோதிச்சப்போ, தொத்துன அடையாளம் இருந்த 704 பேருல 390 பேரு ரத்தத்துலதான் கிருமி மிஞ்சியிருந்துச்சு.

ஆனா அவுக பொம்பளைய மாப்ள. தானாத் தேறுதது அவுகளுக்குத்தான் கூடுதல். கண்ணு மஞ்சளாகிப் படுத்தவனுக்கும் கூடுதல். 2009-ல கண்டுபிடிச்ச ஒரு மரபணு வாகா அமைஞ்சவனுக்கும் கூடுதல். நீரோ ஆம்பள. ஒரு நாளும் காமாலைன்னு படுத்ததில்ல. மரபணுவ நம்பலாம்னா, உமக்குச் சீட்டாட்டத்துல ஜோக்கர் விழுந்தே நான் பாத்ததில்ல.

தேறுன 30 பேரும், “கீழாநெல்லி குடிச்சேன், ஓடிப்போச்சு”ன்னு வைத்தியருக்கு வேட்டி எடுத்துக் குடுப்பாவ. மிச்ச 70 பேரும் அதே கீழாநெல்லியத்தான் குடிச்சிருப்பாவ. அவுக கதைய எந்தத் திண்ணையில பேசுதாவ?

போறதா இருந்தா பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள போயிரும். உமக்கு ஊசி போட்டவரு ஒரே ஊசியில ஊரையே குத்துனப்போ உம்ம மூத்தவ தவழ்ந்துக்கிட்டு இருந்தா. இப்ப அவ காலேசுக்குப் பஸ் ஏறுதா. இன்னும் எந்த ஆறு மாசத்துக்குவே காத்திருக்கீரு? தங்கிப்போன கிருமி சத்தமில்லாம இருக்கும். 20 வருசத்துல நூத்துக்கு 15 முதல் 30 பேருக்குக் கல்லீரலச் சுருக்கிப்புடும்.

கிருமி போனாலும் ஆன்டிபாடி ரத்தத்துல கெடந்து பாசிட்டிவ்னு காட்டும். அதனால மொதல்ல ஆர்.என்.ஏ. டெஸ்ட்டு எடும். ‘இல்ல’ன்னு வந்தா நானே மாலை போடுதேன், ஆனா மறுபடி தொத்தாதுன்னு அதுக்கு அர்த்தமில்ல. ‘இருக்கு’ன்னு வந்தா 12 வாரம் மாத்திரை, நூத்துக்கு 95 பேருக்கு மேல குணமாயிருதாவ. 2018-லேருந்து அரசாங்கத் திட்டத்துல இலவசமாவே குடுக்காவ. ஓசின்னா கல்யாண வீட்டுப் பந்தியில மொத எலைக்கு ஓடுத ஆளு, இதுக்கு மட்டும் ஏன் வே கூச்சப்படுதீரு?