ஜிம்மி அக்காவின் பொருத்தங்கள்

சென்னையில் ஏரியாவுக்கு ஒரு ஜிம்மி அக்கா உண்டு. வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். நாய் வளர்ப்பவர்கள் ஒருவரையொருவர் நாயின் பெயரால்தான் அறிவார்கள்: டைகர் அப்பா, ப்ரௌனி அம்மா, ஜிம்மி அக்கா. ஜிம்மி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. பட்டம் நிலைத்துவிட்டது.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கைப்பையில் சில்லறை இருக்காது. கழுத்துப் பட்டை, பாதி தீர்ந்த டாக்ஸிசைக்ளின் அட்டை, நொறுங்கிய மாரி பிஸ்கட், எந்த நாயுடையது என்று அவருக்கே மறந்துபோன ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டு, இவை இருக்கும். பேரன் படம் காட்டுகிறேன் என்று போனைத் திறப்பார். பேரன் வருவதற்குள் சொறி பிடித்த முதுகுகளை ‘வைத்தியத்துக்கு முன்’, ‘வைத்தியத்துக்குப் பின்’ என்று நாம் வரிசையாகத் தாண்டிப் போக வேண்டும்.

உடம்பு சரியில்லாத நாய்க்கு வீடு பார்த்துக் கொடுப்பது அவருடைய தொழில். தொழில் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், காசு வாங்குவதில்லை. கொழுகொழு லேப்ரடார் குட்டிக்கு வீடு தேட யாரும் அக்காவிடம் வருவதில்லை. இடுப்பு மூட்டு கெட்டுப்போன பெரிய லேப்ரடார், வலிப்பு வரும் பீகிள், காது கேட்காத ராஜபாளையம், மே மாதத்தில் மூச்சுக்குத் தவிக்கும் பக், இவைதான் வந்து சேரும்.

கொடுக்க வருகிறவர்கள் எடுத்தவுடன் நோயைச் சொல்ல மாட்டார்கள். பெங்களூருக்கு மாற்றல் என்பார்கள். “பரவாயில்ல, என் பொண்ணு அங்கதான் மூணு வச்சிருக்கா” என்பார் அக்கா. உடனே காரணம் மாறும். மருமகளுக்கு அலர்ஜி, ஜோசியர் வீட்டில் நாலு கால் ஆகாது என்றுவிட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கேட்பார்:

“சரி தம்பி, நாய்க்கு உடம்புக்கு என்ன?”

“ஒண்ணும் இல்லக்கா, செம ஆக்டிவ். எப்பவாச்சும் கீழ விழுந்து காலை உதைச்சுக்கும். ரெண்டு நிமிஷம்தான். அப்புறம் அதுவே எந்திரிச்சிடும்.”

“அதுக்குப் பேரு வலிப்பு, தம்பி.”

“விளையாடுதுன்னு நினைச்சோம்க்கா... ப்ளூ கிராஸ்ல விட்டுடலாமா?”

“கேப்டன் சுந்தரம் 1959ல அதை ஆரம்பிச்சது நாதியில்லாததுங்களுக்கு. இதுக்கு நாதி நீதானே?”

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு அக்காவுக்கு மனப்பாடம். வளர்த்த நாயைப் பட்டினி கிடக்கும்படி தெருவில் விட்டால் குற்றம் என்று சொல்லியே பலரை நடுங்க வைத்திருக்கிறார். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அவர் வாழ்க்கையில் மறைத்த உண்மை அது ஒன்றுதான்.

வேறு எதையும் மறைக்கத் தெரியாது என்பதுதான் சங்கடம். கல்யாணத் தரகர் மாப்பிள்ளைக்கு வழுக்கை என்றால் ‘நெற்றி அகலம், அதிர்ஷ்டக்காரர்’ என்பார். அக்கா வழுக்கையில்தான் ஆரம்பிப்பார். அவர் எழுதும் வரன் குறிப்பு இப்படி இருக்கும்: ‘பெண், வயது 7. கருத்தடை ஆகிவிட்டது, வெறிநோய்த் தடுப்பூசி போட்டாகிவிட்டது. பின்னங்கால் இரண்டிலும் இடுப்பு மூட்டு கோளாறு. மாடி ஏறாது, ஏற்றவும் கூடாது. எடை 38 கிலோ, 30க்கு வந்தாக வேண்டும். வெடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் நுழையப் பார்த்துப் பாதியில் மாட்டிக்கொள்ளும். தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டாம்.’

நாய்க்குச் சொந்தக்காரர் அலறுவார். “இப்படிப் போட்டா யாருக்கா வருவா?”

“வர்றவன் திருப்பிக் கொண்டுவர மாட்டான்.”

அனுபவத்தில் சொல்வது. நோயை மறைத்துக் கொடுத்த நாய் சீக்கிரமே வாசலில் வந்து நிற்கும். போனபோது இருந்த பசி திரும்பி வரும்போது இருக்காது.

பெண் பார்க்கும் படலத்துக்கு அக்காதான் போவார். காபி குடிப்பதற்கு முன் தரையைப் பார்ப்பார். பளபளவென்று டைல்ஸ் போட்டிருந்தால் முகம் சுருங்கும். மூட்டு கெட்ட நாய் அதில் வழுக்கி விழும், நடக்கிற பாதையெல்லாம் மிதியடி விரிக்க வேண்டும். பிறகு பொறி வைத்துக் கேட்பார்: “வெள்ளிக்கிழமை கேசரி பண்ணினா இவளுக்கும் ஒரு வாய் கொடுப்பீங்கதானே?” வீட்டம்மா பூரித்துப்போய், “கொடுக்காம என்ன!” என்றால் தேர்வில் தோல்வி. கேசரியில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கலாம். அரை மணி நேர வகுப்பு எடுத்துவிட்டு, “அடுத்த வாரம் வந்து மறுபடி கேப்பேன்” என்று எழுந்துகொள்வார்.

ராஜபாளையத்துக்கு வரன் வந்தபோது நடந்த பேச்சு ஏரியாவில் பிரசித்தம். அந்த இனத்தில் பால்வெள்ளை நிறத்தைத் தருகிற மரபணுவே சில குட்டிகளின் காதையும் கெடுத்துவிடும்.

“காவலுக்கு வேணும்மா. காது கேக்காதுங்கறீங்களே, திருடன் வந்தா?”

“கண்ணு நல்லாத் தெரியும் சார். முன்பக்கமா வந்தா குலைக்கும்.”

“பின்பக்கமா வந்தா?”

“நீங்க முழிச்சிக்கிட்டு அதை எழுப்புங்க. தூங்கும்போது தொட்டு எழுப்பாதீங்க, பயந்து கடிச்சிடும். தரையில காலால தட்டினா அதிர்வுல எந்திரிச்சிடும்.”

அவர் நாயை வாங்கிக்கொள்ளவில்லை. அக்காவுக்கும் வருத்தமில்லை. கைச்சாடையால் பேசிக்கொள்கிற ஒரு குடும்பம் அதைக் கொண்டுபோனது. அந்த நாய்க்கு இப்போது எங்கள் தெரு நாய்களைவிட அதிகச் சொல் தெரியும்.

இங்கேதான் அக்காவின் வித்தை இருக்கிறது. தோட்டம் வைத்த பெரிய வீட்டை அவர் நம்புவதில்லை. செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம் பார்ப்பதுபோல நோய்க்கு நோய் பொருத்தம் பார்ப்பார். வலிப்புள்ள பீகிளுக்குக் காலை எட்டு, இரவு எட்டு என்று தினமும் இரண்டு வேளை மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, திடீரென்று நிறுத்தவே கூடாது. இதற்குப் பொருத்தமான வீடு எது? ரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் மாத்திரை போட அலாரம் வைத்திருக்கும் ஓய்வூதியத் தம்பதி வீடு. சர்க்கரை நோய் வந்த நாயை, வருடக் கணக்காகத் தானே ஊசி போட்டுக்கொள்கிற ஒரு பெரியவரிடம் சேர்த்தார். ஒரே ஃப்ரிட்ஜில் இரண்டு பேருக்கும் இன்சுலின். “நேரத்துக்குச் சாப்பிடணும்னு டாக்டர் சொன்னப்போ கேக்கல, நாய் சொன்னாக் கேக்கறார்” என்கிறார் அந்த வீட்டு அம்மா.

சீட்டோடு மெடிக்கலுக்குப் போனால் அது தனிக் கூத்து. வலிப்புக்குக் கொடுக்கும் கார்டினால் மனிதர்களுக்கும் உள்ள மாத்திரைதான், சீட்டில்லாமல் தர மாட்டார்கள்.

“பேஷன்ட் பேரு?”

“ரோஜர்.”

“வயசு?”

“ஆறு.”

“எடை?”

“பதினாலு.”

“குழந்தை கொஞ்சம் இளைச்சிருக்கேம்மா.”

“இல்லப்பா, அவன் ஜாதிக்கு இது அதிகம்.” கடைப் பையன் விழிப்பான். அக்கா வேப்பேரிச் சீட்டை நீட்டுவார். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் சீட்டு, தலைப்பைப் படித்தவுடன் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அடுக்குமாடி வீட்டுச் சங்கத்துச் செயலாளர்கள் அக்காவைக் கண்டால் மாடிப்படியில் போய்விடுவார்கள், லிஃப்டில்தான் சண்டையே. படியேறக் கூடாத நாய்க்கு லிஃப்ட் வேண்டும். நாய் ஏறக் கூடாது என்று பலகை மாட்டியிருக்கும். விலங்கு நல வாரியம் 2015இல் கொடுத்த வழிகாட்டுதல்களின் நகலை உருவுவார் அக்கா.

“இது என்ன வாரியம்மா?”

“ருக்மிணி தேவி அருண்டேல் முதல் தலைவரா இருந்தாங்களே, அது.”

“கலாக்ஷேத்ராவா?” என்று குழம்பி நிற்பதற்குள் நாய் மூன்றாவது மாடி போயிருக்கும்.

நாயைக் கொடுத்ததோடு அக்கா விலகிவிடுவார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். இரவு எட்டேகாலுக்குப் போன் வரும். “மாத்திரை முழுங்கிட்டானா, இல்ல கன்னத்துல ஒதுக்கி வச்சிருக்கானா? வாயைத் திறந்து பாருங்க.” புதிதாக நாய் வாங்கினவர்களும் சும்மா இருப்பதில்லை. உடம்பு சுடுகிறது என்று நள்ளிரவில் அழைப்பார்கள். நாய்க்கு 101, 102 டிகிரி இயல்பு, மூக்கைத் தொட்டு ஜுரம் பார்க்காதே என்று தூக்கக் கலக்கத்திலும் பிசகாமல் சொல்வார்.

யாருக்கும் பொருந்தாமல் போனவை அவர் வீட்டிலேயே தங்கிவிடும். இதற்கு அந்த வட்டாரத்தில் ‘ஃபாஸ்டர் ஃபெயில்’ என்று பேர். ஐந்து தங்கிவிட்டன. ஃபெயில் ஆவதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் என்பது அவர் கணவரின் குற்றச்சாட்டு. சோபாவில் இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் இதைச் சொல்வார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நாய் இருந்து, நிஜமாகவே வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால், உங்கள் ஏரியா அக்காவைத் தேடிப் போங்கள். போகும்போது வைத்தியச் சீட்டு, தடுப்பூசிப் புத்தகம், மாத்திரையின் பெயர், எந்த வேளைக்கு எத்தனை என்ற கணக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நோயை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். கூடவே, அவர் கேட்காமலே, ஒரு மாதத்து மாத்திரையையும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.