வெண்டைக்காய்க் கொழகொழப்பும் கேஜன் சமையலும்: விருத்தாசலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வெண்டைக்காயின் கொழகொழப்பு ஒழிக்கப்பட வேண்டியது என்பதில் தமிழ்ச் சமையலறைகளுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. சைவம், அசைவம், மாமியார், மருமகள் என எல்லாத் தரப்பும் ஒத்துப்போகும் விஷயங்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. கழுவி, ஈரம் போகத் துணியால் துடைத்து, நறுக்கி, எண்ணெயில் சுருள வதக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் புளித்தண்ணீரோ ஒரு கரண்டித் தயிரோ விட்டு அடக்குவது மரபு. மூடி போட்டு வதக்குகிறவருக்குச் சமைக்கத் தெரியாது என்பது இத்துறையின் முடிந்த முடிபு.

அமெரிக்காவின் தென்கோடியில் லூசியானா மாநிலத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே ‘கம்போ’ என்றொரு குழம்பு. இறாலோ நண்டோ கோழியோ போட்டு வைத்து, சோற்றில் ஊற்றிச் சாப்பிடுவார்கள். குழம்பு கெட்டிப்பட வேண்டுமே என்பதற்காகவே அதில் வெண்டைக்காயைப் போடுகிறார்கள். நாம் துடைத்து எறிவதை அவர்கள் கேட்டு வாங்குகிறார்கள்! இந்த முரண்பாட்டை விருத்தாசலத்துச் சமையலறையில் வைத்துத் தீர்க்க முடியுமா என்பதே இவ்வாய்வின் கேள்வி.

இந்தக் கம்போவை வைக்கும் கேஜன் மக்கள் யார் என்பதை முதலில் பார்த்துவிடலாம். கனடாவின் கிழக்குக் கரையில், இன்றைய நோவா ஸ்கோஷியாப் பக்கம், அகாடியா என்ற நிலப்பகுதியில் குடியிருந்த பிரெஞ்சு விவசாயிகளின் வழிவந்தவர்கள். 1755-ல் ஆங்கிலேயர் அவர்களை வீடுவாசலிலிருந்து பெயர்த்துக் கப்பலேற்றினார்கள். அலைந்து திரிந்தவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் போய் ஒதுங்கினார்கள். பிரான்சுக்கே திரும்பியும் அங்கே ஒட்டாமல் போன சுமார் 1,600 பேர் 1785-ல் ஏழு கப்பல்களில் வந்து அவர்களோடு சேர்ந்தார்கள். அதே ஆங்கிலேயர், அதே பிரெஞ்சுக்காரர், ஏறக்குறைய அதே சண்டை நம் பக்கத்திலும் நடந்துகொண்டுதான் இருந்தது. 1751-ல் விருத்தாசலம் வரை வந்துவிட்டுத் திரும்பிய ராபர்ட் கிளைவ், வழியில் பாளையக்காரர்களிடம் மாட்டி, குதிரையின் தயவில் உயிர் தப்பினார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஊரையே இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரெஞ்சுக்காரருக்குப் புதுச்சேரி திரும்பக் கிடைத்தது, கனடா கிடைக்கவில்லை. ஒரு குழம்புக்கு இவ்வளவு சரித்திரம் வேண்டுமா என்றால், குழம்புக்கு வேண்டாம், ஆய்வுக்கு வேண்டும்.

வெண்டைக்காயும் அந்த ஊர்க்காய் அல்ல. அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு அது அங்கே போனது. நாம் பூர்வீகச் சொத்தாக நினைத்திருக்கும் மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து போர்ச்சுகீசியர் கப்பலில் இங்கே வந்தது. ஓரிடத்தில் போட்டதை வேறோரிடத்தில் எடுப்பது விருத்தாசலத்துக்குப் புதிதும் அல்ல. இறைவனிடம் பெற்ற பன்னிரண்டாயிரம் பொன்னைச் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டதாகத் தல புராணம் பேசுகிறது. உலகச் சரக்குப் போக்குவரத்து பற்றி எழுதுவோர் இந்த முன்னுதாரணத்தை ஏனோ கண்டுகொள்வதில்லை.

இனி களப்பணி: வெண்டைக்காய் வாங்க உழவர் சந்தைக்குப் போக வேண்டும். உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் கருணாநிதி தொடங்கி வைத்தது. அடையாள அட்டை பெற்ற விவசாயி தன் விளைச்சலைத் தானே கொண்டுவந்து விற்கலாம், இடைத்தரகர் இல்லை. அன்றன்றைய விலையை அதிகாரிகள் மொத்தச் சந்தை நிலவரம் பார்த்து நிர்ணயித்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள். ஆக, பேரம் பேசும் கலைக்கு அங்கே வேலை குறைவு. அந்தத் திறமை முழுவதும் காயின் தரத்தைச் சோதிப்பதில் இறங்கிவிடுகிறது. வெண்டைக்காய்க் குவியல் முன்னால் குத்தவைத்து, ஒவ்வொரு காயையும் இடது கையில் பிடித்து, வலது கட்டைவிரலால் நுனியை அழுத்துவார்கள். ‘டக்’கென்று ஒடிந்தால் பிஞ்சு, கூடைக்கு. வளைந்துகொடுத்தால் முற்றல், மறுபடி குவியலுக்கு. வால் போன காய்களோடு மீதிச் சரக்கை விற்க வேண்டியவர் விவசாயி. விருத்தாசலத்தை ஒட்டிய மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைத் தாளில் எழுதிப் பிராது கட்டும் வழக்கம் உண்டு. இந்தக் குற்றத்துக்கென்றே தனிப் பிராது கட்ட எல்லா முகாந்திரமும் இருக்கிறது.

கேஜன் தாளிப்பின் அடிப்படை மூன்று காய்கள்: வெங்காயம், குடைமிளகாய், செலரி. ‘புனித மும்மூர்த்தி’ என்றே அவர்கள் பயபக்தியோடு சொல்வார்கள். வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை. குடைமிளகாய் கடலூர் மாவட்ட வெயிலுக்கு ஒத்துவராத பயிர். வெளியூர்ச் சரக்காகக் காய்கறிக் கடையில் வாங்க வேண்டியதுதான். செலரியைக் கேட்டால் கடைக்காரர் கொத்தமல்லிக் கட்டை எடுத்து நீட்டுவார். அதையே ஏற்றுக்கொள்வது உத்தமம். தழையைக் கிள்ளிச் சட்னிக்கு வைத்துவிட்டு, தண்டைப் பொடியாக நறுக்கிப் போட்டால், அதுவும் செலரியின் குடும்பத்துச் செடிதான் என்பதால் மணத்தில் பெரிய மோசம் போகாது.

மசாலாப் பொடியில் மிளகாய், மிளகு, பூண்டு எல்லாம் நம் வீட்டுச் சரக்கு. இடிப்பது ஆரிகனோவும் தைமும். இவற்றின் மணத்துக்குக் காரணம் கார்வக்ரால், தைமால் என்ற இரு எண்ணெய்ப் பொருள்கள். சளி பிடித்த குழந்தைக்குச் சாறு பிழிந்து கொடுக்கக் கொல்லையில் வளர்க்கும் கற்பூரவல்லியிலும் இவைதான் வாசனை தருகின்றன. ஓமத்தில் தைமால் தாராளம். மளிகைக் கடைப் பையில் ஓமமும் வேலியோரத்தில் கற்பூரவல்லியும் இருக்கையில், சிறு புட்டியில் அடைத்த காய்ந்த இலைக்குக் காசைக் கொட்டுவது கௌரவப் பிரச்சினையே தவிர ருசிப் பிரச்சினை அல்ல.

அடுத்தது ‘ரூ’. மைதாவும் எண்ணெயும் ஏறக்குறைய சம அளவு. அடி கனத்த பாத்திரத்தில் நிதானமான தீயில் விடாமல் கிண்ட வேண்டும். வெள்ளை முதலில் மணல் நிறமாகும், பிறகு வேர்க்கடலைத் தோலின் சிவப்பு, அதையும் தாண்டினால் சாக்லேட் நிறம். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் கரண்டியைக் கீழே வைக்கக் கூடாது. ஒரு புள்ளி கருகினாலும் மொத்தமும் கசந்துபோகும், கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கையில் தெறித்தால் தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும். அதனால் ஒட்டி எரியும் நேபாம் குண்டின் பெயரால் ‘கேஜன் நேபாம்’ என்று லூசியானாவிலேயே பட்டப்பெயர். எண்ணெய்க்கு மட்டும் இங்கே கவலையில்லை. வேளாண் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் ‘வி.ஆர்.ஐ.’ என்ற பெயரில் நிலக்கடலை ரகங்களாக வெளியிட்டுக்கொண்டிருக்கும் ஊர் இது.

ஆய்வின் வசதிக்காக ஜங்ஷன் ரோட்டில் ஒரு வீட்டைக் கற்பித்துக்கொள்வோம். அடுப்பண்டை மருமகள், வாசற்படியில் மாமியார்.

“ஏம்மா, நல்ல எண்ணெய ஊத்தி மாவ இப்படிக் கருக்குறியே?”

“கருகல அத்தே, நெறம் வருது.”

“எங்க ஊருல இதுக்குப் பேரு தீயிறது.”

இருநூறு ஆண்டுக் கேஜன் கோட்பாட்டின் மீது வைக்கப்பட்ட விமர்சனங்களில் இதைவிடச் சுருக்கமானது இருக்க முடியாது. ஆனால் அதில் வெங்காயம் விழுந்து ‘சொய்’ என்று மணம் கிளம்பியதும் விமர்சகர் வாசற்படியிலிருந்து எழுந்து உள்ளே வருவார் என்று தைரியமாக எதிர்பார்க்கலாம்.

பீங்கான் இல்லாமல் விருத்தாசல ஆய்வு நிறைவுறாது. இங்குள்ள செராமிக் தொழிற்பேட்டையில் மின்சாரப் பெட்டிக்கான ப்யூஸ் கேரியரும் பொம்மையும் சுட்டெடுக்கிறார்கள். பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவென்றே அரசுக் கல்வி நிலையம் உண்டு. லூசியானாவின் ஏவரி தீவில் எட்மண்ட் மெக்கில்ஹென்னி 1868-ல் வியாபாரமாகத் தொடங்கிய டபாஸ்கோ என்ற மிளகாய்ச் சாஸ், பழுத்த மிளகாயை உப்போடு அரைத்து ஓக் மரப் பீப்பாயில் மூன்று ஆண்டு வரை புளிக்கவிட்டு, பிறகு வினிகர் சேர்த்து வடிப்பது. அந்தத் தீவே ஓர் உப்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதை இங்கே செய்ய நமக்கு மரக்காணத்துக் கல்லுப்பும் பீங்கான் ஊறுகாய் ஜாடியும் போதும். ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் மேற்பூச்சு உருகிக் கண்ணாடியாக இறுகிவிடுவதால், உப்பும் புளிப்பும் ஜாடியை ஒன்றும் செய்வதில்லை. எவர்சில்வர் தூக்கில் இதே சோதனையைச் செய்தால் நாளடைவில் உப்பு அடியில் புள்ளி புள்ளியாக அரிக்கும். விரல் படாமல், ஈரக் கரண்டி போடாமல், வாயில் வெள்ளைத் துணியால் வேடு கட்டி நிழலில் வைக்க வேண்டும். ஓக் மரத்தின் வாசம் மட்டும் இந்த முறையில் வராது.

மீன் பற்றிச் சுருக்கமாக. பால் ப்ரூடோம் என்ற கேஜன் சமையல்காரர், உருக்கிய வெண்ணெயில் தோய்த்து மசாலா அப்பிய செம்மீனைப் புகையப் புகையக் காய்ந்த இரும்புச் சட்டியில் கருக்கிப் புகழ்பெற்றார். 1980-களில் அந்த ஆசை நாடெங்கும் பரவி, மெக்சிகோ வளைகுடாவில் அந்த மீனை வியாபாரத்துக்குப் பிடிக்க அரசு தடை போடும் அளவுக்குப் போயிற்று. நம் தோசைக்கல்லில் கெளுத்தியை அப்படிச் செய்யலாம். புகைக்குப் பயந்து கொல்லைப்புறத்தில் செய்வது நல்லது. அடுத்த வேளைத் தோசை கல்லில் ஒட்டுவதற்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.

கொழகொழப்பு விவகாரத்தில் லூசியானாவிலும் இரு கட்சிகள் இருப்பது விசாரணையில் தெரியவருகிறது. ஒரு கட்சி வெண்டைக்காயை அப்படியே குழம்பில் போடுகிறது. இன்னொரு கட்சி நூல் போகும்வரை எண்ணெயில் வதக்கிவிட்டு, சில வீடுகளில் ஒரு சொட்டு வினிகரும் விட்டு, அப்புறம்தான் போடுகிறது. கெட்டிப்படுத்த ரூ இருக்கும்போது நூல் எதற்கு என்பது இவர்கள் வாதம். ஜங்ஷன் ரோட்டுச் சமையலறை யோசிக்காமல் இரண்டாவது கட்சியில் சேரும். கம்போ மறுநாள்தான் ருசி என்பதில் இரு கட்சியும் ஒன்று. மீன்குழம்பு விஷயத்தில் மாமியார் தரப்பும் காலங்காலமாக இதையே சொல்லிவருகிறது. எனவே ராத்திரியே வைத்து மூடிவிட்டு மறுநாள் மதியம் சோற்றோடு பரிமாறலாம். புளி விடாததைக் குழம்பு என்று சொல்லலாமா என்ற ஆட்சேபம் அப்போது எழும். அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம்.