கேல் எங்கலே நிக்கான்?

ஏலே ராசா, அந்த மவுஸ் என்ன பாவம் பண்ணுச்சு? அதப் போட்டு இந்தத் தட்டு தட்டுதியே. பால்டர்ஸ் கேட் 3, 2023-ல வந்த ஆட்டம், அந்த வருசத்துச் சிறந்த ஆட்டம்னு பரிசெல்லாம் வாங்குனது. அதுல உன்கூட வார மூணு பேரையும் முட்டாப்பயலுவன்னு பொழுதுக்கும் வையுதே. நான் இங்கன கட்டில்ல உக்காந்து பாத்துக்கிட்டுதான இருக்கேன். அவனுவ மேல ஒரு தப்பும் இல்லலே.

நீ ஒரு வாசல்கிட்டப் போறே. தரையில பொறி இருக்குன்னு உன் ஆளு கண்டுபிடிச்சிருதான். நீயும் சாமர்த்தியமா ஓரமாச் சுத்திப் போறே. பின்னால வாரவன் நேரா வந்து பொறி மேலயே கால வைக்கான். நாலு பேருக்கும் நெருப்பு. அவனப் போய்த் திட்டலாமா? பாடுபட்டு ஒருத்தன் செஞ்சு வச்ச பொறி. யாருமே மிதிக்காமப் போனா செஞ்சவன் மனசு என்ன பாடுபடும்? அத யோசிச்சுத்தான் மிதிச்சிருக்கான், நல்ல மனசுக்காரன்.

அப்புறம் அந்தக் கேலு. நீ பாறையிலேர்ந்து பாறைக்கு ஒரு தாவு தாவுதே. கூட வார லேஸெல்லுக்கு உடம்புல வலு இருக்கு, அவளும் தாவிருதா. கேல் மந்திரம் படிச்ச பிள்ள, வலுவுல சோப்ளாங்கி. இந்த ஆட்டத்துல வலுவுக்குத் தக்கனதான் தாவுத தூரம். அவன் அக்கரையிலயே நிக்கான். நீ திரும்பியும் பாக்காமப் போயி, சண்டைல மாட்டுனப்புறம் “கேல் எங்க, கேல் எங்க”ன்னு கத்துதே. கேட்டா அவனுக்கு அறிவில்லங்கே. அறிவுதான்லே இருக்கு, காலுதான் இல்ல.

பேச்சுல இன்னொரு கூத்து. நல்லாப் பேசத் தெரிஞ்சவள முன்னால விடாம, லேஸெல்ல விட்டு நடத்துதே. எதிர்ல வாரவன் யாரு முன்னால நிக்காளோ அவகிட்டதான் வாயக் குடுப்பான். அவ வாயத் தொறந்தா கத்திதான். சமாதானமா முடிய வேண்டிய சோலி ரத்தத்துல முடியுது.

உங்க அப்பனும் இப்படித்தான் தலையில அடிச்சுக்கிட்டான். அது 1998-ல வந்த முதல் பால்டர்ஸ் கேட். அதுல ஆறு பேரு. ஒரு இடத்த விட்டு அடுத்த இடம் போகணும்னா ஆறு பேரும் ஓரத்துல வந்து சேந்தாத்தான் ஆச்சு. இல்லன்னா ‘ஆளச் சேத்துட்டு வா’ன்னு ஒரு கனத்த குரலு அதட்டும். அஞ்சு பேரு வந்து நிப்பான். ஆறாவது ஆளு, கல்யாண வேன் கிளம்புத நேரத்துல காணாமப்போற பெரியத்த கணக்கா, எங்கயோ ஒரு மூலையில சுத்திக்கிட்டுக் கெடப்பான்.

ஃபயர்வைன் இடிபாடுன்னு அதுல ஒரு சுரங்கம். ஒராள் போற சந்து. முன்னால போறவன் செத்த நின்னா, பின்னால நிக்கவன் ‘வழி அடைச்சுப்போச்சு’ன்னு அவனாவே முடிவு கட்டி, வந்த வழியே திரும்பி, சுரங்கம் பூராச் சுத்தி அந்தப் பக்கமா வரப் பாப்பான். அந்தப் பக்கம் கோபோல்டுன்னு ஒரு அரக்கக் கூட்டம் தீ அம்போட நிக்கும். சுத்திப் போறவன் யாருங்கே? மந்திரவாதி. உடம்புல உசுரே கொஞ்சம்.

இதுக்கு என்ன காரணம்னு உங்க அப்பன் புலம்பும்போது சொல்லிருக்கான். ஏ-ஸ்டார்னு ஒரு கணக்கு. 1968-ல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சிக் கூடத்துல ஹார்ட், நில்சன், ராஃபேல்னு மூணு பேரு எழுதுனது. ஷேக்கிங்கிற ரோபோவுக்கு வழி கண்டுபிடிக்கப் போயி வந்தது. நடந்த தூரம் இவ்வளவு, மிச்சம் உத்தேசமா இவ்வளவு, ரெண்டையும் கூட்டி எந்தப் பக்கம் கம்மியோ அந்தப் பக்கமாத் தேடும். ஆட்டங்கள்ல வழி தேடுதது பெரும்பாலும் அதோட வாரிசுதான். ஷேக்கி ஒத்தையா நடந்துச்சு, சுவரு நின்ன இடத்துல நின்னுச்சு. இங்க ஆறு பேரும் ஒருத்தனுக்கு ஒருத்தன் சுவரு, அந்தச் சுவரு நடக்க வேற செய்யுது. தேடுததுக்கும் ஆட்டம் செஞ்சவன் ஒரு வரம்பு வச்சிருப்பான், அது தீந்தா ‘வழியில்ல’ன்னு நடக்கவன் நின்னுருவான். அந்த வரம்பக் கூட்ட உங்க அப்பன் ஏதோ ஃபைலத் தொறந்து எண்ண மாத்துனான். வீட்டுக் கணக்க ஒருநாளும் அப்படிப் பாத்ததில்ல.

இந்த வம்பே வேண்டாம்னா 1981-ல வந்த விசார்ட்ரிக்குப் போயிரு. ஆறு பேரும் ஒரே கட்டத்துல, திரும்புனா ஒண்ணாத் திரும்புவானுவ. ஒருத்தனும் தொலைய மாட்டான். ஆனா நடக்கும்போது ஒருத்தனையும் கண்ணுல பாக்கவும் முடியாது. உனக்கு ஆள் அசையணும், முடி காத்துல பறக்கணும், தனித்தனியா நடக்கவும் செய்யணும். அப்ப தனித்தனியா மிதிக்கவும்தான் செய்வான்.

சரி, கெழவன் சொல்லுதத ஒரு தடவ கேளு. வாசலக் கண்டா முதல்ல ஜி-ய அமுக்கு, கூட்டம் பிரியும். உன் கூட்டத்து அஸ்டாரியன மட்டும் அனுப்பு, பொறியக் கழட்டுதது அவன் தொழிலு. இடம் மோசமாத் தெரிஞ்சா ஷிஃப்ட்டையும் ஸ்பேஸையும் சேத்து அமுக்கு, அவனவன் முறை வந்தாத்தான் கால எடுப்பான். தாவுத எடத்துல வலு இல்லாதவன முதல்ல தாவச் சொல்லிப் பாரு, முடியலன்னா வேற வழியத் தேடு. வேல முடிஞ்சதும் மறுபடி ஜி. அத மறந்துட்டு ஒத்தையாப் போயி அடி வாங்கிட்டு வந்து கேல வையாத.

இந்தா, பேச்சுவாக்குல பொறிகிட்ட வந்து நிக்கே. ஜி அமுக்குனியா? இல்லயா? அப்ப எஃப்5-ஐ அமுக்கி சேவ் பண்ணிக்கோ.