ஜொகூரில் பிறந்த பிரேசில் பாட்டி

ஜொகூருக்கு 2025இல் புதிதாக ஒரு பாட்டி கிடைத்தார். பிரேசிலில் அப்ரே காம்போ என்ற ஊரில் பிறந்தவர் என்று அந்த நாட்டு மூலப் பத்திரம் சொல்கிறது. மலேசியக் கால்பந்துச் சங்கம் ஃபிஃபாவுக்கு அனுப்பிய காகிதத்திலோ அவர் பிறந்த இடம் ஜொகூர். பேரன் ஜோவாவ் ஃபிகெய்ரெடோ ஜொகூரின் ஜேடிடி கால்பந்து அணியின் தாக்குதல் ஆட்டக்காரர். பேரன் தேசிய அணியில் ஆட வேண்டுமானால் பாட்டி இங்கே பிறந்திருக்க வேண்டும். ஆகவே பாட்டி இங்கே பிறந்துவிட்டார்.

அவர் தனியாகவும் வரவில்லை. அர்ஜெண்டினாக்காரர்கள் மூவரின் தாத்தா பாட்டிகள் பினாங்கில் பிறந்தார்கள். ஸ்பெயின்காரர் ஒருவரின் பாட்டி மலாக்காவிலும், இன்னொருவரின் தாத்தா சரவாக்கிலும் அவதரித்தார்கள். நெதர்லாந்துக்காரர் ஒருவரின் தாத்தாவுக்கும் மலாக்காவே வாய்த்தது. ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஏழு முன்னோர். தாத்தா பாட்டிகளை இறக்குமதி செய்த முதல் நாடு என்ற பெருமையை நாமே வைத்துக்கொள்ளலாம்.

2025 ஜூன் 10 அன்று புக்கிட் ஜாலில் அரங்கில் வியட்நாமை 4-0 என்று வென்றோம். ஃபிகெய்ரெடோவும் ஒரு கோல் போட்டார். நாடே துள்ளியது. மறுநாளே ஃபிஃபாவுக்குப் புகார் போனது. ஃபிஃபா அந்தந்த நாட்டிலிருந்தே மூலப் பிறப்புப் பத்திரங்களை வரவழைத்து, நாம் அனுப்பியதோடு ஒட்டிப் பார்த்தது. சாயம் வெளுத்தது. செப்டம்பர் 26 அன்று தீர்ப்பு வந்தது: சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும். குற்றம், ஆவண மோசடி. நவம்பரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

சங்கம் என்ன சொன்னது? 'தொழில்நுட்பப் பிழை'யாம்! பியூனஸ் அயர்ஸ் என்று அடிக்கப் போய்க் கைதவறிப் பினாங்கு என்று அடித்துவிட்டார்கள் போலும். ஒரு தடவை கை தவறலாம். ஏழு தடவையுமா தவறும்? தவறிய தடவையெல்லாம் விரல் மலேசியாவின் மேலேயே விழுமா?

விதி ஒன்றும் புரியாத விதியல்ல. ஆட்டக்காரர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் பெற்றோரோ, தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும்; அதுவும் இல்லையென்றால் ஐந்தாண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். தகுதியை அளந்து பார்ப்பது கால்பந்தில் மட்டுமல்ல. பிரிட்டனில் பிள்ளைகள் மட்டக்குதிரை ஏறித் தடை தாண்டும் போட்டிகள் உண்டு. 133, 143, 153 செண்டிமீட்டர் என்று உயரத்துக்கு ஒரு வகுப்பு. குதிரையின் லாடத்தைக் கழற்றி, சமதரையில் நிறுத்தி, தோள்மேட்டில் கோல் வைத்து அளக்கிறார்கள். ஓட்டும் பிள்ளைக்கும் வயது வரம்பு உண்டு. வெறும் ரிப்பனுக்காக நடக்கும் போட்டிக்கே இத்தனை கறார். நல்லவேளை, நம் சங்கத்தார் அந்தப் பக்கம் போகவில்லை. போயிருந்தால் ஒட்டகமும் 133 செண்டிமீட்டருக்குள் அடங்கியிருக்கும்.

சங்கத்தை வைது என்ன பயன்? எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில்.

இதே ஜொகூரில் குளுவாங், லாபிஸ், சிகாமாட், கூலாய் பக்கம் போய்ப் பாருங்கள். அசல் ஜொகூர்ப் பாட்டிகள் அங்கே இருக்கிறார்கள். தோட்டத்து லயத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள். விடியுமுன் பெரட்டில் ஆள்கணக்குக்கு நின்று, ரப்பர்ப் பால் வெட்டி, முதுகு வளைந்தவர்கள். கிராணியின் செக்ரோலில் அவர்கள் பெயர் தினமும் ஏறியது. அரைநாள் வராவிட்டால் அந்தக் கூலியையும் விடாமல் பிடிக்கும் அளவுக்குத் தோட்டத்துக்கு அவர்களைத் தெரிந்திருந்தது. நாட்டுக்குத்தான் இன்றுவரை தெரியவில்லை. அவர்கள் கையில் இருப்பது சிவப்பு ஐசி, நிரந்தரவாசிக்கான அட்டை. சிலர் கையில் அதுவும் இல்லை.

அப்படி ஒரு பாட்டி தேசியப் பதிவு இலாகா முகப்பில் போய் உட்காருகிறார். மஞ்சள் பையில் நான்கைந்து நெகிழி உறைகள். தடுப்பூசி அட்டை, பழைய சம்பளச் சீட்டு, இறந்துபோன கணவரின் ஐசி நகல். "பிறப்புப் பத்திரம் எங்கே?" என்கிறார்கள். பிறப்பைப் பதிய வேண்டியவர் அப்பா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்து ஆபீஸ் இருந்த இடத்தில் இன்று வீடமைப்புத் திட்டம். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கென்று அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் பிறந்ததை நிரூபிக்க வேண்டும். முடியாதவர்களுக்கு 19ஆவது பிரிவு. பன்னிரண்டு ஆண்டுகளில் பத்தாண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் மொழியும் தெரிய வேண்டும். எழுபது வருஷம் வாழ்ந்தவர் நேர்காணலில் நாக்குத் திக்கினால் 'அடுத்த முறை பார்ப்போம்'. அடுத்த முறைக்குள் பலருக்குக் காலம் முடிந்துவிடுகிறது. குடிமக்களுக்கான நீல ஐசி அவர்களுக்குக் குதிரைக் கொம்பு.

அந்த ஏழு ஆட்டக்காரர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது எப்படி? பழைய கையெழுத்துப் பதிவுகள் கிடைக்கவில்லை, வெளிநாட்டு ஆவணங்களை வைத்துப் பதிவை உறுதி செய்தோம் என்பதே பதிவு இலாகா ஃபிஃபாவுக்குச் சொன்ன விளக்கம். அதாவது, பாட்டிக்குப் பத்திரம் இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி. ஃபார்வர்டுக்குப் பத்திரம் இல்லையென்றால் இலாகாவே தேடிக் கொடுக்கும். வசிப்புக் கால நிபந்தனையை என் அதிகாரத்தைக் கொண்டு தளர்த்தினேன் என்று உள்துறை அமைச்சர் சைஃபுடின் நசுத்தியோன் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். சட்டப்படி தமக்கு அந்த அதிகாரம் உண்டு என்றார். மகிழ்ச்சி. அதிகாரம் உண்டு என்று நாமும் தெரிந்துகொண்டதாயிற்று.

2011இல் ஆவணம் இல்லாதவர்களைப் பதிய மைடஃப்தார் என்று கூடாரம் போட்டார்கள். சனங்கள் வரிசையில் நின்று படிவம் நிரப்பினார்கள். 2018இல், 60 வயது தாண்டிய சிவப்பு ஐசிக்காரர்களுக்கு மொழி நிபந்தனையில் சலுகை என்று அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் மஞ்சள் பைகள் முகப்புக்கு முகப்பு அலைகின்றன. 2024 அக்டோபரில் மக்களவை குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நீதி கிடைத்தது, அதை வரவேற்கிறோம். அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை கிடைத்துவந்த வழியையும் அடைத்தார்கள். சிவப்பு ஐசி யார் கையில் இருக்கிறது என்று தெரியாமலா அடைத்தார்கள்?

பாட்டிக்கு இல்லாத பத்திரம் மகளுக்குத் தொல்லை, மகளுடையது பேரனுக்கு. ஐசி இல்லாத பேரன் மருத்துவமனையில் அந்நியக் கட்டணம் கட்டுகிறான். பாஸ்போர்ட் இல்லாததால், கண்ணுக்கெதிரே தெரியும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக முடியாது. தோட்டத்துத் திடலில் எவ்வளவு நன்றாகப் பந்து உதைத்தாலும், பெயர்ப் பதிவுப் படிவத்தில் ஐசி எண் கட்டத்துக்கு வந்ததும் அவன் ஆட்டம் முடிந்தது. பாட்டியின் பாட்டி வரை இங்கே பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைக்குத் தகுதி இல்லை. பாட்டியைப் பற்றிய பொய்க்கே தகுதி.

நம் சமூகத் தலைவர்கள் எங்கே என்று கேட்காதீர்கள். வியட்நாமுக்கு எதிராக நான்கு கோல் விழுந்தபோது வாழ்த்து அறிக்கை விட்டார்கள். இனி தேர்தல் வரும்போது லயத்துக்கு வருவார்கள், அரிசிப் பையோடு.

அமைச்சர் அவர்களே, ஏழு பேருக்காகப் பயன்படுத்திய அதே அதிகாரத்தை, இந்த மண்ணில் வாழ்நாளெல்லாம் உழைத்த கிழவிகளுக்காகவும் பயன்படுத்துங்கள். அவர்கள் தாத்தா பாட்டி யாரென்று ஃபிஃபா விசாரிக்காது. அபராதம் வராது. யாரும் பொய்ப் பத்திரம் அடிக்கவும் வேண்டாம். அவர்கள் ஜொகூரில் பிறந்தது உண்மை.